வெள்ளம் வடிந்த பின்: ஊர் மட்ட மீளாய்வை நடத்தும் முறை

களனி கங்கை பெருகும்போது கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற கொழும்பின் தாழ்நிலங்களில் மீண்டும் மீண்டும் வெள்ளம் புகுகிறது. 2016 மே மாதத்தில் நேர்ந்தது இனியும் நேரலாம் என்பதால், சேற்றை அள்ளி முடித்தவுடன் சனசமூக நிலையத்தினர் கலைந்துவிடக் கூடாது; நடந்ததை மீளாய்வு செய்ய இரு கூட்டங்களை நடத்த வேண்டும்.

முதற் கூட்டத்தை நினைவுகள் மங்குமுன், சில நாட்களுக்குள்ளேயே கூட்டுங்கள். அதில் தீர்வுகளைப் பேசாமல், நடந்தவற்றை நேர வரிசையில் மட்டும் எழுதுங்கள். களனி கங்கையின் நீர்மட்டத்தைக் கொழும்பில் அளக்கும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறுவெள்ளமாகவும் 7 அடி பெருவெள்ளமாகவும் கொள்ளப்படுகிறது. அந்த மட்டங்கள் எட்டப்பட்ட நேரங்களை ஒரு பக்கத்திலும், உங்கள் ஒழுங்கையில் முதல் வீட்டார் வெளியேறிய நேரத்தை மறுபக்கத்திலும் குறித்தால், இடையில் வீணான நேரம் தெளிவாகத் தெரியும். மீளாய்வின் உயிர்நாடி இந்த இடைவெளிதான் என்பது என் உறுதியான கருத்து. எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது, அதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் யார், கைத்தொலைபேசி இல்லாத வீட்டுக்கு அது எவ்வாறு சென்றது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் மக்கள் வாயடைத்துப் போவார்கள். "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். கூட்டத்துக்கு வர இயலாத முதியவர்கள், வாடகைக்கு இருப்போர், இடம்பெயர்ந்தோர் தங்கிய நலன்புரி நிலையத்தில் சமைத்த பெண்கள் ஆகியோரை வீடு தேடிச் சென்று கேட்பது அவசியம். பலரும் கவனிக்கத் தவறிய குறைகளை அவர்களே கண்டிருப்பார்கள்.

சில வாரங்களின் பின் இரண்டாம் கூட்டத்தில் திட்டத்தை வகுக்கலாம். "விழிப்புணர்வை அதிகரித்தல்" என்று எழுதுவது செயலாகாது. "படுக்கையில் உள்ளோரின் பட்டியலைப் புதுப்பித்துக் கிராம உத்தியோகத்தரிடம் கையளித்தல்" என்பதே செயல். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளராக ஒருவரையே குறிப்பிடுங்கள். குழுவின் பெயரை எழுதினால் எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வடிகான் துப்புரவு போன்று உங்கள் கைக்கு அப்பாற்பட்டவற்றை மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுத்தில் அனுப்பி, பிரதேச செயலகத்துக்கும் பிரதியொன்று கொடுங்கள்.

கொழும்பில் மே மாதத்தை அண்டியும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சமடைவதால், வேலைகளின் இறுதி நாளை அதற்கு முன்னரே வைக்க வேண்டும். பின்னர் ஒரு ஒத்திகை நடத்தி, முன்பு வீணான நேரம் உண்மையாகவே குறைந்துள்ளதா என்று கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். குறையவில்லையெனில் அந்தச் செயலைத் திட்டத்தில் முடிந்ததாகக் குறிக்க வேண்டாம்.