சந்தேகத்தோடு வருகிறவரிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வாலிபர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற தம்பி ஒருவர் பேசினார். நன்றாகத் தயாரித்திருந்தார். நடுவில், "டார்வினே சாகும்போது மனந்திரும்பிவிட்டார், தெரியுமா?" என்று ஒரு வரி வந்தது. பலர் தலையாட்டினார்கள். ஒரு பெண் மட்டும் கைபேசியை எடுத்துத் தேட ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒன்றைச் சொன்னவன் நான்.

கோபப்படாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இது.

சந்தேகத்தைப் பாவம் என்று நினைப்பது

இயேசுவின் சீடர் தோமா, அவர் உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். எட்டு நாள் கழித்து, கதவு பூட்டிய அதே வீட்டுக்குள் அவரும் மற்றவர்களோடு இருந்தார் என்கிறது யோவான் 20. யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. இயேசுவும் முதலில் கைகளைக் காட்டினார், விசுவாசியாயிரு என்றது அதற்குப் பிறகு. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடுகிறோம்.

மாற்கு 9இல் வரும் தகப்பன் விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்கிறான். அவனுடைய பிள்ளை குணமானது.

விசுவாசம் வேண்டுமென்றால் மூளையைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது

"அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்" என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொன்னதாக, விசுவாசிகள், ஐயவாதிகள் என்று இரண்டு பக்கத்தாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வாக்கியம் அவருடைய எழுத்தில் இல்லை. கிறிஸ்துவின் மரணத்தைப் பற்றி அவர் எழுதியதைப் பிற்காலத்தார் சுருக்கித் திரித்தது அது. 11ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம் சொன்னதுதான் சபையின் நீண்ட மரபுக்குப் பக்கத்தில் இருக்கிறது: புரிந்துகொள்ளத் தேடுகிற விசுவாசம்.

பொய்யான ஆதாரத்தால் மெய்யைத் தாங்கப் பார்ப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்கு ஆறாது.

நான் சொன்னது நாசா கதை. விண்வெளி விஞ்ஞானிகள் கோள்களின் பழைய நிலைகளைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒரு நாள் குறைந்ததாம். யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்றதில் 23 மணி 20 நிமிடம், எசேக்கியாவின் நிழல் பத்துப் பாகை பின்னே போனதில் 40 நிமிடம், ஆக மொத்தம் ஒரு நாள். கேட்கவே சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது, அதனால் சரிபார்க்கவில்லை.

இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணா, ஒரு நாள் குறையுதுன்னு கணினிக்கு எப்படித் தெரியும்?" என்றான். கேள்வி மிகச் சரியானது. இன்றைய நிலையை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கோள்கள் எங்கே இருந்திருக்கும் என்பதுதான் வரும். நாள் குறைகிறது என்று சொல்ல, அதற்கு முன்னால் யாராவது தேதியோடு குறித்து வைத்த கிரகணம் போல ஒன்று ஒப்பிட வேண்டும். அது இல்லாமல் ஓட்டை எப்படித் தெரியும்? எனக்குப் பதில் தெரியவில்லை. "விசுவாசத்தோட கேளுப்பா" என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசாவே மறுத்திருப்பதைப் படித்துவிட்டு வந்திருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. "கல்லறை காலியா இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் இப்படித்தான் யாரோ சொல்லிக் கேட்டதா அண்ணா?" என்றான். அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்கு வரவில்லை.

அகஸ்தீன் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில், கிட்டத்தட்ட இதையே எச்சரித்திருக்கிறார். வானத்தையும் நட்சத்திரங்களின் ஓட்டத்தையும் பற்றி அவிசுவாசிக்கு நன்றாகத் தெரியும். அவர் முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் தப்பும் தவறுமாகப் பேசினால், தனக்குத் தெரிந்த விஷயத்திலேயே பிழையைக் கண்டவர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவார் என்று கேட்கிறார். நான் அந்தப் பகுதியைப் படித்தபோது தம்பி போய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

டார்வின் கதையும் இந்த ரகம்தான். அவர் 1882இல் இறந்தார். லேடி ஹோப் என்ற பெண் சொன்னதாக இந்தக் கதை அச்சில் வந்தது 1915இல், ஒரு அமெரிக்கப் பத்திரிகையில். தந்தையின் மரணப்படுக்கை அருகே இருந்த மகள் ஹென்ரியேட்டா 1922இல் அதை மறுத்து எழுதினார். நாத்திகப் பேராசிரியரை மடக்கிய மாணவன் ஐன்ஸ்டீன் என்று வாட்சப்பில் சுற்றுவதற்கும் ஆதாரம் இல்லை. கடவுள் என்ற சொல் மனித பலவீனத்தின் விளைவு என்று 1954இல் கடிதம் எழுதியவர் அவர்.

இவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், கையில் மெய்யான சரக்கு இருக்கும்போது இதைச் செய்கிறோம். 1 கொரிந்தியர் 15ஐ எடுங்கள். சிலுவை மரணத்துக்கு ஏறக்குறைய 25 வருடத்துக்குள் எழுதப்பட்ட கடிதம். உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்களைப் பவுல் வரிசைப்படுத்துகிறார். ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேள் என்பதுபோல் எழுதிய வரி அது. அதையும் சந்தேகிக்கலாம், ஐயவாதிகள் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பது நேர்மையான விவாதம். அந்தத் தம்பிக்கு நான் அதைக் கொடுத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் ஒரு கதை மிகவும் பிடித்துப்போனால் உடனே சொல்வதில்லை. முதலில் யார் சொன்னது, எந்த வருடம் என்று தேடுகிறேன். பாதிக்கு மேல் அங்கேயே விழுந்துவிடுகின்றன.

அறிவியல் விளக்காத இடத்தில் மட்டும் கடவுளை நிறுத்துவது

கோள்களின் சுற்றுப்பாதை கலையாமல் இருக்கக் கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் நினைத்தார். பிற்காலத்தில் வந்த கணிதவியலாளர் லாப்லாஸ் அதைக் கணக்காலேயே விளக்கினார். இடைவெளி மூடினால் உங்கள் கடவுளுக்கு இடமிருக்காது.

எதிர்த்தரப்பின் பலவீனமான வாதத்தோடு மட்டும் மோதுவது

இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் தன் பெரிய நூலில் ஒவ்வொரு கேள்வியையும் மறுப்புகளோடுதான் தொடங்குகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற இடத்தில் அவர் வைக்கும் மறுப்புகள் இரண்டே இரண்டு. தீமை இருக்கிறதே என்பது ஒன்று. கடவுள் இல்லாமலே இயற்கையை விளக்கிவிடலாமே என்பது இன்னொன்று. எழுநூறு வருடம் தாண்டியும் ஐயவாதிகளின் முக்கியமான வாதங்கள் இவைதான். அற்புதங்களைச் சந்தேகித்து ஹியூம் என்ற தத்துவவாதி 1748இல் எழுதியதை அவர் எழுத்திலேயே படித்துவிட்டுப் பேசுங்கள். அவரை மறுத்தவர்கள் எழுதிய சுருக்கம் போதாது.

பாஸ்கலின் பந்தயத்தை மிரட்டலாக்குவது

கடவுள் இருந்தால் நம்பினவனுக்கு எல்லாம் லாபம், இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்பது பாஸ்கலின் வாதம். அதை "நம்பாவிட்டால் நரகம்" என்று மாற்ற வேண்டாம்.

துக்கத்தில் இருப்பவரிடம் தர்க்கம் பேசுவது

யோபுவின் நண்பர்கள் வாய் திறக்காமல் இருந்த ஏழு நாளில்தான் சரியாக நடந்துகொண்டார்கள்.

தெரியாது என்று சொல்லத் தயங்குவது

இயற்பியல் படித்த தம்பியிடம் நான் சொல்லத் தயங்கியது இதைத்தான். போன மாதக் கூட்டம் முடிந்ததும், அங்கே பேசிய தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு டார்வின் விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடியது. "அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்லிடுறேண்ணா" என்றார். சரி, ஆனால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம், கைபேசியில் தேடிக்கொண்டிருந்த பெண் இன்னும் வாசலில்தான் நிற்கிறார், முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள் என்றேன். போனார்.