ஹம்வீ, ஏகே-47, வைப்பர்: போர் கேம்களில் நிஜப் பெயர்கள் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் கேம் உருவாக்கும் இளைஞர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. நிஜ ஆயுதத்தின் பெயரைத் தொட்டாலே கேஸ் விழும் என்பது ஒன்று. ராணுவத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து, யாரும் கேட்க முடியாது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. இரண்டாவதுதான் ஆபத்தானது. ஹம்வீ வண்டியை அமெரிக்க ராணுவம் ஓட்டினாலும், அந்தப் பெயர் ஏஎம் ஜெனரல் என்ற தனியார் நிறுவனத்தின் டிரேட்மார்க்.

கால் ஆஃப் டூட்டி கேம்களில் ஹம்வீ வந்ததற்காக அந்த நிறுவனம் 2017-இல், கேமை வெளியிட்ட ஆக்டிவிஷன் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் ஆக்டிவிஷன் வென்றது. போரை நிஜம்போலக் காட்டுவதும் ஒரு கலை நோக்கம்தான், நிஜப் படைகள் ஓட்டும் வண்டி அதற்குத் துணைசெய்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கலை நோக்கத்தோடு பிறர் டிரேட்மார்க்கைப் பயன்படுத்தும் படைப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பைத் தந்தது அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டின் ரோஜர்ஸ் வழக்கு.

'அப்படியானால் லைசென்ஸே வேண்டாம்' என்று இங்கே முடிவுகட்டிவிடுகிறார்கள். அது ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு. மற்ற நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டலாம், ஆனால் பின்பற்றியே தீரவேண்டும் என்றில்லை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு கலிபோர்னியாவில் காற்று வேறு பக்கம் வீசியது. பேட்டில்ஃபீல்ட் 3-இல் வரும் வைப்பர், வெனம், ஆஸ்ப்ரே ஆகிய பெல் நிறுவன ஹெலிகாப்டர்களுக்காக, பெல்லின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரான் தொடுத்த எதிர்வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, கேமை வெளியிட்ட இஏ நிறுவனம் கேட்டது. 2012-இல் நீதிபதி மறுத்துவிட்டார். கேமின் பெட்டியிலேயே 'எந்தத் தயாரிப்பாளருக்கும் இதில் தொடர்பில்லை' என்ற பொருளில் அறிவிப்பு அச்சாகியிருந்தது. அது போதவில்லை. ஹெலிகாப்டர்கள் கேமில் முக்கிய இடம் பிடிக்கின்றன, ஆடுபவரே அவற்றை ஓட்டுகிறார், ஆகவே தயாரித்த நிறுவனமே தன் நிபுணத்துவத்தைத் தந்திருக்கும் என்று மக்கள் நினைக்க வாய்ப்புண்டு என்றார் நீதிபதி. கடைசியில் அது சமரசத்தில் முடிந்தது. சமரசம் வரும்வரை வக்கீல் கட்டணத்தைத் தாங்க ஒரு சிறு ஸ்டூடியோவால் முடியாது.

ஆக, பொறுப்புத்துறப்பு ஒரு வரி எழுதினால் கவசம் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். எழுதுங்கள், கேடில்லை. ஆனால் பெயர் எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. போர்க்களத்தின் ஓரத்தில் வந்துபோகும் வண்டிக்கு அதன் பெயர் இருப்பது ஒன்று. அதே பெயரை கேமின் தலைப்பிலோ ஸ்டோர் ஐகானிலோ வைத்து விற்பது முற்றிலும் வேறு. 2023-இல் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பிறர் டிரேட்மார்க்கை உங்கள் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தினால் ரோஜர்ஸ் பாதுகாப்பு துணைக்கு வராது. டி-சர்ட், பொம்மை என்று கேமை ஒட்டி விற்பவற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பெயரை மாற்றினால் போதும் என்பது அடுத்த தவறு. கோல்டன்ஐ 007-இல் ஏகே-47 'கேஎஃப்7 சோவியத்' ஆனது, பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 'சிவி-47' ஆனது. நல்ல வழிதான். ஆனால் க்ளாக் பிஸ்டலின் வடிவமே பதிவான டிரேட்மார்க். பெயரை அழித்துவிட்டு, துப்பாக்கியின் பக்கவாட்டில் நிறுவன லோகோவை அப்படியே டெக்ஸ்சரில் (மாடலின் மேல் ஒட்டும் படத்தில்) விட்டுவைப்பதும் நடக்கிறது. துப்பாக்கி, வண்டி போன்றவற்றின் 3டி மாடலை ஆன்லைனில் வாங்கினால் அதன் லைசென்ஸை முழுதாகப் படியுங்கள். சில மாடல்கள் செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. அவற்றை விற்பனைக்கு வரும் கேமில் சேர்க்கக் கூடாது.

அமெரிக்கத் தீர்ப்பு சென்னை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஸ்டீமில் வெளியிட்டால் கேம் பல நாடுகளில் விற்கும், அங்கங்கே சட்டமும் மாறும். நம் ஊரில் 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தோடு, அரசுச் சின்னங்களுக்கென 1950, 2005 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் உண்டு. டாங்கின் பெயரைவிட, அதன் மேல் நீங்கள் ஒட்டும் சிங்க முத்திரை அதிகம் சிக்கலாகலாம்.

பலர் கவனிக்கவே கவனிக்காத ஒன்று, ஆம்புலன்ஸிலும் மருந்துப் பெட்டியிலும் வரையும் செஞ்சிலுவை. அது பொதுவான மருத்துவச் சின்னம் அல்ல, ஜெனீவா ஒப்பந்தங்கள் காக்கும் சின்னம். போர்க்களத்தில் காயம்பட்டவரைச் சுடாதே என்று சொல்வதற்காக இருக்கிறது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தத் தடைவிதிக்கிறது. பிரிசன் ஆர்க்கிடெக்ட் கேமை உருவாக்கியவர்களுக்கு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் எழுதியது, அவர்களும் சிலுவையைப் பச்சையாக்கினார்கள். ஒரு நிறத்தை மாற்றச் சில நிமிடம் போதும், வெளியீட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள்.