கரன்ட் போய் வந்தது, சவுண்ட் வரவில்லை: சிஸ்டத்தில் எங்கே தேடுவது?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் மழைக்கு முந்தின காற்று அடித்தால் கரன்ட் ஒரே தரமாகப் போகாது. போகும், வரும், இரண்டு நொடியில் மறுபடி போகும். ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் தடாலென்று நிற்கும். திரும்பப் போட்டால் எல்லாம் சரியாக ஏறும், சவுண்ட் மட்டும் வராது. ப்ளூ ஸ்கிரீன் விழுந்து தானாக ரீஸ்டார்ட் ஆன சிஸ்டத்திலும் இதே கதைதான். உடனே டிரைவரை (சவுண்ட் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை) நீக்குவார்கள், இல்லை விண்டோஸையே மாற்றிப் போடுவார்கள். பல நேரம் இரண்டுமே வேண்டாம். சத்தம் எந்த இடத்தில் அறுந்தது என்பதை முதலில் பிடியுங்கள். வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். டிரைவரில் கை வைத்தால் அரை நாள் போய்விடும்.

முதலில் ஸ்பீக்கரும் ஜாக்கும்

ஸ்பீக்கர் ஒயரைச் சிஸ்டத்திலிருந்து பிடுங்கி, 3.5 மி.மீ. ஜாக் உள்ள போனிலோ டிவியின் ஹெட்போன் துளையிலோ செருகிப் பாட்டு ஓட விடுங்கள். அங்கேயும் பாடவில்லை என்றால் கம்ப்யூட்டர் மேல் குற்றம் இல்லை. கரன்ட் திரும்பி வரும்போது வரும் அதிக வோல்ட்டேஜில் 2.1 ஸ்பீக்கரின் ஃபியூஸோ அடாப்டரோ போயிருக்கும். ஊஃபரின் பின்பக்கம் கண்ணாடி ஃபியூஸ் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போடுங்கள். கம்பி சுற்றிப் போடுவது ஊஃபரின் டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கும் வழி.

ஸ்பீக்கர் பாடுகிறது என்றால் அடுத்தது ஜாக். கேபினட்டின் முன்பக்கத் துளையை நம்பாமல், பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள பச்சை நிறத் துளையில் செருகுங்கள். பின்னால் வந்து முன்னால் வராவிட்டால், முன் பேனலிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கிறது. இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும், மதர்போர்டின் சொந்த செட்டிங் திரையில்) முன் பேனல் வகை 'எச்டி'யிலிருந்து 'ஏசி97'க்கு மாறியிருக்கிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. உப்புக்காற்றில் ஜாக்கின் உள்ளே இருக்கும் சின்னத் தகடு பச்சை பூத்துவிடும். ஹெட்போன் செருகியிருக்கிறதா இல்லையா என்று சிஸ்டத்துக்குச் சொல்வது அந்தத் தகடுதான். அது ஒட்டிக்கொண்டால், எதுவும் செருகாமலே லேப்டாப் 'ஹெட்போன்' என்று காட்டி ஸ்பீக்கரை அடைத்துவிடும். சிஸ்டத்தை அணைத்துவிட்டு ஹெட்போன் பின்னைப் பத்துப் பதினைந்து தரம் செருகி எடுங்கள். போகவில்லை என்றால் பின்னில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி மறுபடி செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தண்ணீர் கலந்த சானிடைசர் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணைந்ததாக ஆகாது

பலர் தடுக்கி விழும் இடம் இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்நிலையையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது. மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுகிறது. கிராஷுக்குப் பிறகு ஆடியோ டிரைவர் குழம்பிய நிலையில் ஏறியிருந்தால், அந்தக் குழப்பமும் சேர்ந்தே பத்திரமாகிவிடும். 'நாலு நாளாக அணைத்து அணைத்துப் போட்டும் வரவில்லை' என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே விண்டோஸ் அடியிலிருந்து ஏறும். அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

அதுவும் போதாமல் போகலாம். டெஸ்க்டாப் அணைந்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டான்ட்பை கொடுத்துக்கொண்டே இருக்கும். தடுமாறிப்போன ஆடியோ சிப் அந்த மிச்ச மின்சாரத்தில் அப்படியே நின்றுவிடக்கூடும். ஆகவே ஒழுங்கான வரிசை இது:

1. ஷிஃப்ட்டோடு ஷட் டவுன்.
2. சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, சிபியுவின் பவர் ஒயரைப் பிடுங்குங்கள். மானிட்டர் கேபிள், யூஎஸ்பி ஹப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அவை வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஏறும்.
3. பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள்.
4. ஐந்து நிமிடம் விட்டு, மானிட்டரையும் கீபோர்டையும் மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். சவுண்ட் ஐகானைப் பார்த்த பிறகு மற்றவை.

லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, அதே 30 நொடி. கழற்ற முடியாத பேட்டரி என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பட்டனை மட்டும் அழுத்தினால் போதும். டிரைவரைத் தொடும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

பச்சைக் கோடு ஆடுகிறதா?

இனிமேல்தான் விண்டோஸுக்குள். ஒரு பாட்டை ஓட விட்டு, பழைய கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' திறந்து 'பிளேபேக்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் ஒரு நீள மீட்டர் இருக்கும்.

பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது என்றால் டிரைவரும் விண்டோஸின் சவுண்ட் சர்வீஸும் உயிரோடு இருக்கின்றன. சத்தம் வேறு வாசல் வழியாகப் போகிறது. கிராஷுக்குப் பிறகு விண்டோஸ் எச்டிஎம்ஐ மானிட்டரையோ ப்ளூடூத் ஹெட்செட்டையோ முதன்மைக் கருவியாகப் பிடித்துக்கொள்வது சகஜம். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' கொடுங்கள். பட்டியலில் ஸ்பீக்கரே இல்லையென்றால், காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்' டிக் செய்யுங்கள். மங்கலாகத் தெரிவதை 'எனேபிள்' செய்யுங்கள். ஒரு மென்பொருளில் மட்டும் சத்தம் இல்லை என்றால் வால்யூம் மிக்ஸரில் அது மியூட்டாகியிருக்கும்.

கோடு அசையவே இல்லை, அல்லது ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது என்றால், ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' தேடித் திறங்கள். 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' இரண்டும் 'ரன்னிங்' என்றும் 'ஆட்டோமேட்டிக்' என்றும் இருக்க வேண்டும். முதலாவது இரண்டாவதை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே எண்ட்பாயின்ட் பில்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஆடியோவும் சேர்ந்தே எழும். இரண்டும் ஓடியும் சத்தம் இல்லையா? அப்போதுதான் டிரைவர்.

டிவைஸ் மேனேஜர் சொல்வது

டிவைஸ் மேனேஜரில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்'. அங்கேதான் ரியல்டெக் போன்ற ஆடியோ சிப் கம்பெனியின் பெயர் இருக்கும். இன்னொன்று 'சிஸ்டம் டிவைசஸ்'. அதில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர்' என்று ஒரு வரி. கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் அதன் எச்டிஎம்ஐக்கும் இப்படி ஒரு கன்ட்ரோலர் இருக்கும், குழம்ப வேண்டாம். போர்டின் கன்ட்ரோலரே காணோம் என்றால் பயாஸில் ஆடியோ அணைந்திருக்கிறது, அல்லது போர்டில் பழுது. கன்ட்ரோலர் இருக்கிறது, ரியல்டெக் மட்டும் இல்லை என்றால் ஆடியோ சிப் பதில் சொல்லவில்லை; மேலே சொன்ன முழு அணைப்பை இன்னொரு தரம் செய்யுங்கள்.

பெயர் இருந்து அதன் மேல் மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால் டபுள் கிளிக் செய்து, அங்கே 'கோட்' என்று காட்டும் பிழை எண்ணைப் படியுங்கள். 22 என்றால் டிஸேபிள் ஆகியிருக்கிறது, எனேபிள் செய்தால் போதும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை.

10 வந்தால் குற்றம் டிரைவர் மேலா சிப் மேலா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', பிறகு 'லெட் மீ பிக்'. பட்டியலில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் வந்துவிட்டால் சிப் நன்றாக இருக்கிறது, ரியல்டெக் டிரைவர்தான் சிதைந்திருக்கிறது. அன்றாட வேலைக்கு அந்தப் பொது டிரைவரே போதும்.

கம்பெனி டிரைவரே வேண்டும் என்றால் பழையதை நீக்கும் முன் புதியதை இறக்கி வையுங்கள். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' வரியில் போர்டு மாடலைப் பார்த்து, போர்டு கம்பெனியின் தளத்திலேயே எடுங்கள். லேப்டாப்புக்கு இது இன்னும் முக்கியம்: புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆடியோ 'ஸ்மார்ட் சவுண்ட்' என்ற இன்டெல் டிரைவர் வழியாகத்தான் போகிறது. அதை விட்டுவிட்டு ரியல்டெக்கை மட்டும் போட்டால் ஸ்பீக்கர் ஊமையாகவே இருக்கும். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று வரும் மென்பொருள்களைப் பெரும்பாலும் குப்பை என்றே வைத்துக்கொள்ளலாம்.

டிரைவரும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்

எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல்கள் சிதையும். ஆடியோ டிரைவரைப் போட்டும் போட்டும் மறுபடி போகிறது என்றால் வரிசையாக மூன்று வேலை. சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் 'டூல்ஸ்', 'செக்' கொடுத்து டிஸ்கைச் சரிபார்த்தல் முதலாவது. பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில், 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்'. இதற்கு இன்டர்நெட் வேண்டும். கடைசியில் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. டிஐஎஸ்எம் நல்ல பிரதியைக் கொண்டுவந்து வைக்கிறது, எஸ்எஃப்சி அதிலிருந்து எடுத்து மாற்றுகிறது; வரிசை மாறினால் இரண்டாம் தரம் ஓட்ட வேண்டிவரும். ஓடும்போது மறுபடி கரன்ட் போகாத நேரமாகப் பாருங்கள்.

பயாஸும் காசு அளவு பேட்டரியும்

கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி, மணி பின்னால் போகிறதா? போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அது 3 வோல்ட் செல், மல்டிமீட்டரில் 2.8க்குக் கீழ் காட்டினால் மாற்றிவிடுங்கள். அது செத்தால் பயாஸில் நீங்கள் வைத்தவை அழிந்து தொடக்க நிலைக்குப் போகும். பயாஸில் 'ஆன்போர்டு டிவைசஸ்' போன்ற பகுதியில் 'எச்டி ஆடியோ'வை 'எனேபிள்டு' என்றே வையுங்கள். 'ஆட்டோ' என்றால் சில பழைய போர்டுகள் வேறு சவுண்ட் கார்டைக் கண்டதும் உள்ளிருப்பதை அணைத்துவிடும்.

எல்லாம் பார்த்தும் கன்ட்ரோலரே தெரியவில்லை என்றால் போர்டின் ஆடியோ பகுதி எரிந்திருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கும்; பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, செருகினால் விண்டோஸும் லினக்ஸும் தானே அடையாளம் காணும்.

பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வீட்டிலேயே கானா பதிவு செய்பவர்களிடம் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைச் சிஸ்டத்தோடு இணைக்கும் பெட்டி) இருக்கும். கிராஷுக்குப் பிறகு வேறு துளையில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணிக்கொள்ளலாம்; பதிவு மென்பொருளோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். ஹப் வழியாக இல்லாமல், முன்பு இருந்த அதே பின்பக்க யூஎஸ்பியில் மாட்டி, மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் கருவியை மறுபடி தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் இதற்கென்றே 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' இருக்கிறது. ஆடாசிட்டி 3க்குப் பிறகு ப்ராஜெக்ட் ஒரே ஃபைல். கிராஷ் ஆனால் அதன் பக்கத்தில் '-wal' என்று முடியும் இன்னொரு ஃபைல் நிற்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், கடைசியாகப் பாடியது அதில் இருக்கலாம். மென்பொருளைத் திறந்தால் மீட்கட்டுமா என்று அதுவே கேட்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் (alsamixer) என்ற சவுண்ட் மிக்ஸரைத் திறந்து, கீழே 'எம்எம்' என்று இருக்கும் பட்டையில் எம் கீயை அழுத்தினால் மியூட் விலகும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்த சிஸ்டத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சத்தம் போனால், முழுதாக அணைத்துப் போடுங்கள்.

ஏன் நின்றது என்பதையும் பாருங்கள்

ஈவன்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்' திறங்கள். 'கெர்னல்-பவர்' 41 என்றால் சிஸ்டம் முறையாக அணையாமல் மறுபடி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதன் விவரத்தில் 'பக்செக்கோடு' 0 என்று இருந்தால் பெரும்பாலும் கரன்ட், எஸ்எம்பிஎஸ், அல்லது ஹேங் ஆகி நின்றது. வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன். அது டெசிமல் எண்; கால்குலேட்டரில் ஹெக்ஸாக மாற்றித் தேடினால் எந்த வகைக் கோளாறு என்று தெரியவரும், சில நேரம் காரணம் ஆடியோ டிரைவராகவே இருக்கும்.

வீட்டில் கரன்ட் போகாமலே சிஸ்டம் மட்டும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். பயாஸின் ஹார்ட்வேர் மானிட்டரில் 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெயருக்குத்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எர்த் மேல் சந்தேகம்; எர்த் சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் ஹம் சத்தமும் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்ற ஷாக்கும் வரலாம்.

சாதாரண டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் போதும். அதன் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி; இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பெட்டி ஆனில் இருந்தாலும் கரன்ட் போன நொடியே சிஸ்டம் அணையும். சிபியுவும் மானிட்டரும் மட்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஊஃபர் தனி ஸ்பைக் பஸ்டரில். டிடிபி கடைகளில் லேசர் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸிலேயே மாட்டுவார்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரன்ட்டில் யூபிஎஸ் ஓவர்லோடாகி, ஈபி கரன்ட் இருக்கும்போதே சிஸ்டத்தை அணைத்துவிடும்.