மெல்போர்னில் மிளகாய் விதைக்கும் மாதம்

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மெல்போர்னுக்குக் குடிபோகும் நம்மவர்களுக்காக, விடுமுறைக்குத் தேவிபட்டினம் வந்திருக்கும் இவ்வேளையில் இதை எழுதுகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் விதையைத் துணியில் முடிந்து எடுத்துச் செல்ல மனம் இழுக்கும். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விதையை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு என்பதால், அங்கே விற்கும் விதையையே வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கெடுத்தது மாதக்கணக்கு. "இங்கே பருவம் தலைகீழ், ஊரில் செய்வதை ஆறு மாதம் தள்ளிச் செய்தால் போதும்" என்று முன்பே குடியேறியிருந்த நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். ஊரில் புரட்டாசியில் விதைப்பதால், நான் அங்கே பங்குனியில் விதைத்தேன். நாற்றுகள் நான்கு இலை விட்டு அப்படியே நின்றன. ஆடிக் குளிரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓர் ஆண்டு வீணானதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நாம் புரட்டாசியில் விதைப்பது ஐப்பசி மழையை நம்பித்தான். 9 டிகிரி வடக்கில் இருக்கும் நம் கரையில் மண்ணுக்குச் சூட்டுக் குறையே கிடையாது, தண்ணீருக்குத்தான் பஞ்சம். 38 டிகிரி தெற்கில் இருக்கும் மெல்போர்னில் தண்ணீர் குழாயில் வருகிறது, சூட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். மழைக்காக வகுத்த பட்டத்தை எத்தனை மாதம் தள்ளினாலும் அது வெயிலுக்கான பட்டம் ஆகாது. அங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. ஆவணியிலோ புரட்டாசியிலோ வீட்டுக்குள் நாற்று விட்டு, நவம்பர் முதல் செவ்வாயன்று நடக்கும் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தை ஒட்டி வெளியே நடுங்கள். அவ்வூரார் தக்காளி நடுவதற்கு வைத்திருக்கும் நாள் அதுதான். என் அம்மா இங்கே விதைத்த அதே மாதத்தில் நானும் விதைத்திருந்தால் காய் பறித்திருப்பேன்.

தொட்டிகளை வடக்கு நோக்கிய சுவரோரம் வையுங்கள், ஏனெனில் நண்பகல் சூரியன் அங்கே வடக்கில் நிற்கும். நமக்கு வாடை என்றால் குளிர். அங்கே கோடையில் வடக்கிலிருந்து வீசுவது அனல், 40 டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் நிழல்வலை கட்டி, காலையிலேயே நீர் ஊற்றுங்கள். காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிடாமல், வைகாசியில் கிளைகளைக் கழித்துத் தொட்டியைக் கூரைக்குள் நகர்த்தினால், பிழைத்த செடி செப்டம்பரில் மீண்டும் துளிர்க்கும்.