அரை அங்குலத்தில் ஓர் அடி: மேடை அமைப்புக்கு அட்டை மாதிரி செய்யும் முறை

மேடை அமைப்பை வடிவமைக்கத் தொடங்குபவர், தச்சரிடம் போவதற்கு முன் அதை அட்டையில் சிறிதாகச் செய்து பார்த்துவிட வேண்டும். மரத்தை அறுத்த பின் தெரியவரும் தவறைத் திருத்தப் பணமும் நாளும் செலவாகும். அதே தவறு அட்டையில் தெரிந்தால் புதிய துண்டொன்றை வெட்டினால் போதும்.

பிரிட்டனில் இத்தகைய மாதிரிகளை 1:25 என்ற விகிதத்தில் செய்வது வழக்கம், அமெரிக்காவில் 1:24. நம் ஊர்த் தச்சர்கள் பெரும்பாலும் அடிக்கணக்கில் பேசுவதால் இரண்டாவதையே நான் பரிந்துரைக்கிறேன். மேடையின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம்.

முதலில் அளவு நாடாவுடன் அரங்கத்துக்கு நேரில் செல்லுங்கள். முகப்பின் (பார்வையாளர் மேடையைக் காணும் முன்திறப்பின்) அகலம், உயரம், மேடையின் ஆழம், பக்கத்திரைகளுக்கு அப்பால் உள்ள இடம், பார்வையாளர் தரையிலிருந்து மேடையின் உயரம் ஆகியவற்றுடன் தூண், கதவு, மின்பெட்டி இருக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடம் கையில் இருந்தாலும் அளக்காமல் விடாதீர்கள். பின்னாளில் செய்த மாற்றங்கள் அதில் இல்லாமல் போகலாம்.

முகப்பு 30 அடி அகலமும் 16 அடி உயரமும், மேடை 20 அடி ஆழமும், இருபுறமும் ஆறாறு அடி ஒதுக்கிடமும் கொண்ட அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் தரை 21 அங்குல அகலமும் 10 அங்குல ஆழமும் இருக்கும். முகப்பின் திறப்பு 15 அங்குல அகலம், 8 அங்குல உயரம். இந்தப் பெட்டியைக் கறுப்பு ஃபோம் போர்டில் (இருபுறமும் தாள் ஒட்டிய லேசான நுரை அட்டையில்) செய்து, தரையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு மையக்கோடு வரையுங்கள். இனி எல்லா அளவுகளையும் இந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்து, சுவரையும் கதவையும் செய்வதற்கு முன்பே ஒரு மனித உருவத்தை வெட்டி நிறுத்துங்கள். ஐந்தரை அடி மனிதர் இங்கே 2¾ அங்குலம். அவர் நிற்காத மேடையில் எந்த அளவும் சரியாகவே தோன்றும். அவரை நிறுத்திய பிறகுதான் படிக்கட்டு உயரமானது என்பதும், கதவு குறுகலானது என்பதும் புலப்படும்.

சுவர்த்தட்டிகளுக்கு 2 மில்லிமீட்டர் அட்டை பொருத்தமானது. இந்த விகிதத்தில் அது ஏறத்தாழ 2 அங்குலத் தடிமனைக் காட்டும். 7 அடிக்கு 3 அடிக் கதவு, 3½ அங்குலத்துக்கு 1½ அங்குலமாகும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டில் அறுக்க முயலாமல், கட்டரை மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். இரண்டு சுவர்கள் மூலையில் சேரும் இடத்தில் ஒன்றின் நீளத்திலிருந்து அட்டையின் தடிமனைக் கழிக்கத் தொடக்கநிலையினர் பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டிகளைத் தரையில் ஒட்ட வேண்டாம். நகர்த்திப் பார்ப்பதற்காகத்தான் இந்த மாதிரியே.

வண்ணம் பூசுவதற்கு அவசரப்படாதீர்கள். வெள்ளை அட்டையாக இருக்கும்போதுதான் வடிவத்தின் குறை கண்ணில் படும்.

இப்போது பார்வைக் கோடுகளைச் சோதிக்க வேண்டும். மேடை 3 அடி உயரமும், அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 3¾ அடி உயரமும் இருந்தால், முன்வரிசைக்காரரின் கண் மேடைத் தளத்துக்கு 9 அங்குலம் மட்டுமே மேலே இருக்கும். மாதிரியில் அது ⅜ அங்குலம். கைபேசியைத் தலைகீழாக நிறுத்தினால் அதன் கேமரா ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வந்துவிடும். முன்வரிசையின் நடுவிலிருந்தும் இரு ஓரங்களிலிருந்தும் படமெடுங்கள். நான் முதன்முதலில் அமைத்த மேடையில் இதைச் செய்யவில்லை. இடப்பக்க ஓரத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கு இறுதிக் காட்சி முழுவதும் ஒரு தட்டிக்குப் பின்னால் மறைந்துபோனது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

பிறகு அறையை இருட்டாக்கி, சிறிய டார்ச் விளக்கை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டி, நிழல்கள் பின்திரையில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். எல்லாம் நிறைவாக அமைந்த பின் வண்ணம் பூசி, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அதன் உண்மையான அளவை அடியிலும் அங்குலத்திலும் எழுதித் தச்சரிடம் கொடுங்கள்.