மௌனமான ஆய்வுக் கூட்டம் பேசத் தொடங்கிய விதம்

எங்கள் வடிவமைப்புக் குழுவின் ஆய்வுக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. "சரியாக இருக்கிறதா?" என்றால் 5 பேரும் தலையாட்டுவார்கள்; குறைகள் செயலி வெளியான பிறகே தெரியவரும். பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். "நன்று" என்றே வந்தது. 3 வாரம் வீண்.

ஒரு ஞாயிறு, அம்மா சாம்பார்க் கரண்டியை நீட்டி, "உப்பு கூடவா, குறைவா?" என்றார். "சரியா?" என்றிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். மறுநாள், "முதலில் கண்ணில் படுவது பணம் செலுத்தும் பொத்தானா, தள்ளுபடிப் பட்டையா?" என்று கேட்டேன். இருவர் பேசினார்கள். மற்றவர்களின் பார்வை, பலரும் ஒரே கோப்பைத் திறந்து பார்க்கும் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் என் பெயரோடு நகரும் சுட்டியின் மேலேயே இருந்தது. அது நின்ற இடமே என் விருப்பம் என்று எண்ணியிருக்கிறார்கள்! கோப்பிலிருந்து வெளியேறி, கடைசியில்தான் பேசினேன். அன்று 11 குறைகள் வந்தன. பெரிய நிம்மதி.