பழைய ப்ளேயர் பியானோ வால்வு ரீபில்ட் பண்றது எப்படி

1910, 20கள்ல வந்த அமெரிக்க ப்ளேயர் பியானோன்னா (பெடல் மிதிச்சு காத்த உறிஞ்ச வெச்சா, ஓட்டை போட்ட காகித ரோல் படி தானா வாசிக்கற பியானோ) துருத்தித் துணியையும் ரப்பர் ட்யூபையும் மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க, அப்புறம் பெடல் மிதிச்சு மிதிச்சு காலு வலிக்குதே தவிர நோட்டு பாதிதான் விழும், ஏன்னா காத்து ஒழுகுறது வால்வுல.

வேலை செய்யற விதம் சிம்பிள். ரோல்ல ஓட்டை வந்ததும் வெளிக்காத்து ட்யூப் வழியா போய் பவுச்ங்கிற மெல்லிசான தோலை மேல தூக்கும், அது வால்வ தூக்கும், வால்வு வெளிக்காத்த அடைச்சிட்டு வாக்யூம குட்டி துருத்திக்கு விடும், துருத்தி சுருங்கி நோட்டு அடிக்கும்.

கழட்டுறப்பவே ஒவ்வொரு வால்வுக்கும் 1லருந்து 88 வரை பென்சில்ல நம்பர் போடுங்க. வாய் வெச்சு உறிஞ்சி டெஸ்ட் பண்ற பழக்கம் இருந்தா பழைய பார்ட்ஸ்ல வேணாம், ஈய ட்யூப் போட்ட மெஷின்ல வெள்ளையா ஒரு பொடி இருக்கும், அது ஈய விஷம்.

வால்வு தோல் காஞ்சு கெட்டியாகியிருக்கும். உரிக்கறதுக்கு முன்னாடி தடிமனை அளந்து எழுதிக்கோங்க, புதுத் தோல் அதே தடிமன் இல்லன்னா வால்வு ஏறி இறங்குற தூரம் மாறிடும். நிறைய மேக்ல அந்த ஏறி இறங்குற தூரம் 0.8 மி.மீ. சுமாருக்கு இருக்கும், கம்மியானா காத்து பத்தாம நோட்டு சோர்ந்து விழும், அதிகமானா ஒரே நோட்ட வேகமா திருப்பி அடிக்க வராது. நான் ஒவ்வொண்ணையும் அளப்பேன், போரடிக்கும்தான், வேற வழியில்ல. தோலோட மெத்துன்னு இருக்கற பக்கம்தான் வால்வு வந்து உக்கார்ற பித்தளை சீட்ட பாத்து இருக்கணும், சீட்டுல பச்சை புடிச்சிருந்தா கீறல் விழாம தொடைங்க.

பவுச்ச இழுத்து டைட்டா ஒட்டாதீங்க, நடுவுல லேசா குழி விழணும். ஒட்ட சூடான ஹைட் க்ளூதான் (மாட்டுத் தோல் மாதிரி விலங்குத் தோல்ல காய்ச்சின பசை), 60 டிகிரி செல்சியஸ் பக்கம். ஃபெவிகால் போட்டா அடுத்து பிரிக்கறவன் மரத்தோட சேத்து பிய்க்கணும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு. காஞ்சதும் நல்லா தண்ணியாக்கின ரப்பர் சிமெண்ட் ஒரு கோட்டு.

டெஸ்டுக்கு சக்ஷன குறைச்சு வெச்ச வாக்யூம் க்ளீனர் போதும். ட்யூப் வாயை விரலால அடைச்சா உஸ்ஸுன்னு சத்தமே வரக்கூடாது, விரலை எடுத்ததும் வால்வு டக்குனு ஏறணும், மறுபடி அடைச்சா உடனே விழணும். விழாம தொங்கிட்டு நின்னா வால்வ பிரிக்காதீங்க, பவுச்சுக்கு அடியில மாட்டின காத்து வெளியேற ப்ளீட்னு குட்டி ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல தூசி அடைச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க, ஆனா ஊசி விட்டு பெருசாக்கிடாதீங்க.